ஸ்மார்ட்போனை விட்டு பட்டன் போனுக்கு மாற வேண்டும்: பள்ளி திறக்கும் முன் என்னென்ன செய்து வைக்க வேண்டும்?

சிறுமலை17:

எல்லோருக்கும் வணக்கம். வயது 17, ஊர் திண்டுக்கல் பக்கம், வரும் ஜூனில் பிளஸ் டூ. பள்ளி திறக்கும் முன் ஸ்மார்ட்போனை விட்டுவிட்டு, பேசவும் எஸ்எம்எஸ் பார்க்கவும் ஒரு பட்டன் போன் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். தேர்வுக்காக ஒரு வருடம் மட்டும் என்றில்லை. கல்லூரிக்குப் போன பிறகும் இப்படியே இருக்க விருப்பம். அப்பா சரி என்றுவிட்டார், அம்மா இன்னும் யோசிக்கிறார்.

இப்போது என் போன் செய்கிற வேலைகள்: வகுப்பு வாட்சப் குரூப், டியூஷன் குரூப், இன்ஸ்டா, யூடியூபில் இயற்பியல் வகுப்புகள், காலை 5 மணி அலாரம், பாட்டு, கடையில் ஸ்கேன் செய்து பணம் கட்டுவது, போட்டோ. அடுத்த வருடம் நீட் விண்ணப்பம், பொறியியல் கலந்தாய்வு இரண்டுக்கும் ஓடிபி வேண்டும். ஆதாரிலும் இதே எண்தான்.

ஆப்களை அழித்துவிட்டு அதே போனை வைத்துக்கொள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அது வேண்டாம், முழுதாக மாறத்தான் கேட்கிறேன். எந்த வேலையை முதலில் மாற்ற வேண்டும், எதில் மாட்டிக்கொள்வேன், எந்த வகைப் போன் வாங்குவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கீபேட் கடை:

தம்பி, நல்ல முடிவு. ஆனா போனை விடுறது ரெண்டாவது வேலை. அது செஞ்சுக்கிட்டு இருந்த வேலைகளை ஒவ்வொண்ணா வேற இடத்துல கொண்டுபோய் வைக்கிறதுதான் முதல் வேலை. அதைச் செய்யாம போனை மட்டும் விட்டவங்க, ஏதாவது ஒரு ஓடிபி வராம போன அன்னைக்கே பழையபடி திரும்பிடுவாங்க.

முதல்ல எந்த சிம்னு பாருங்க. ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையாது, பேச்சே 4ஜி வோல்டிஇ வழியாத்தான் போகும். ஆயிரம் ரூபாய்க்குள்ள கிடைக்கிற பழைய 2ஜி பட்டன் போன்ல ஜியோ சிம்மைப் போட்டா நெட்வொர்க்கே எடுக்காது. ஏர்டெல், வி (வோடபோன் ஐடியா) ரெண்டும் 2ஜி போன்லயும் வேலை செய்யும். இருந்தாலும் நீங்க பல வருஷத்துக்குக் கேக்கறதால 4ஜி பட்டன் போனே வாங்குங்க. பேச்சும் தெளிவா இருக்கும், நாளைக்கு வேற கம்பெனிக்கு மாறினாலும் அதே போன் ஓடும். ஜியோபாரத் மாதிரி போன்கள் விலை குறைவு, ஆனா அதுல ஜியோ சிம் மட்டும்தான் போட முடியும்.

அட்டைப்பெட்டியைத் திருப்பிப் படிச்சுட்டு வாங்குங்க. இப்ப வர்ற சில 4ஜி பட்டன் போன்கள்ல 'கிளவுட் ஆப்'னு சொல்லி யூடியூப் ஷார்ட்ஸே வைக்கிறாங்க. எதை விட்டு ஓடுறீங்களோ அதையே சின்னத் திரையில காசு குடுத்து வாங்கின மாதிரி ஆயிடும். அப்படி இருந்தாலும் ஒரு வழி இருக்கு. பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பிளான் போட்டுட்டா டேட்டாவே இருக்காது, அந்த ஆப் செத்துக் கிடக்கும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பர்ல விதியைத் திருத்தின பிறகு, 2025 ஜனவரியில ஜியோ, ஏர்டெல், வி மூணும் இந்தப் பிளானைக் கொண்டுவந்தாங்க. 84 நாளுக்கு ஏறத்தாழ 450 - 470 ரூபாயில ஆரம்பிச்சது. இன்னைக்கு விலை என்னன்னு ரீசார்ஜ் பண்றதுக்கு முன்னாடி கேட்டுக்குங்க, ஏன்னா கடைக்காரர் தானா இதை எடுத்துக் காட்டமாட்டார். இன்னொண்ணு, இந்தப் பிளான்ல 'தினம் 100 எஸ்எம்எஸ்' கிடையாது. 84 நாளுக்கும் சேர்த்து 900, 1000னுதான் வரும். தமிழ்ல அடிச்சா ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70 எழுத்துக்குறிதான். ஆங்கில எழுத்துன்னா 160. தமிழ்ல கொம்பு, கால், புள்ளி எல்லாமே தனித்தனியா எண்ணப்படும். நாலு வரி அடிச்சா மூணு எஸ்எம்எஸ் கழிஞ்சிடும்.

அடுத்து சிம் சைஸ். ஸ்மார்ட்போன்ல இருக்கறது நானோ சிம். பட்டன் போன் பலதுல துளை பெருசா இருக்கும். பிளாஸ்டிக் அடாப்டர்ல வெச்சுப் போடலாம், ஆனா வெறும் அடாப்டரை மட்டும் உள்ள தள்ளி வெளிய இழுத்தா உள்ள இருக்கிற பின் மாட்டி வளைஞ்சிடும். சிம்மை அடாப்டர்ல வெச்சு, பின்பக்கம் மெல்லிசா ஒரு டேப் ஒட்டிட்டு, ஒரே தடவை போட்டு அப்படியே விட்டுடுங்க.

"எதுக்கு அடாப்டர், புது சிம்மே வாங்கிக்கலாம்"னு தோணும். வாங்கலாம், ஆனா டூப்ளிகேட் சிம் எடுத்தா முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது, போகாது. மோசடியைத் தடுக்க வெச்ச விதி அது. விண்ணப்பக் கடைசி நாள்ல இதைச் செஞ்சா ஓடிபி வராது. சிம் அப்பா பேர்லதான் இருக்கும், அதனால அவரும் கூட வரணும். வேற கம்பெனிக்கு போர்ட் பண்றதா இருந்தா அதையும் இந்த மே மாசமே முடிச்சிடுங்க. டூப்ளிகேட் சிம் எடுத்தா அதுக்கப்புறம் 7 நாள் போர்ட் பண்ண விடமாட்டாங்க.

ஓடிபி விஷயத்துல பயமே வேண்டாம். ஆதார், வங்கி, நீட், கலந்தாய்வு எல்லாத்துக்கும் ஓடிபி எஸ்எம்எஸ்ஸா வரும், பட்டன் போன்லயே பார்த்துக்கலாம். எண்ணை மட்டும் மாத்தாதீங்க. புது வாழ்க்கை, புது எண்னு ஆசைப்பட்டு மாத்தினா ஆதார், வங்கின்னு ஒவ்வொரு இடத்துலயும் திருத்த அலையணும்.

---

நூலகப்படி:

மாற்றுக் கருத்து ஒன்று. போனை கருப்பு வெள்ளைத் திரைக்கு மாற்றி, இன்ஸ்டாவையும் யூடியூபையும் நீக்கி, பிளே ஸ்டோரைப் பெற்றோர் கடவுச்சொல்லால் பூட்டினாலே பெரும்பாலானவர்களுக்குப் போதும். செலவில்லை, கலந்தாய்வு நேரத்தில் தலைவலியும் இல்லை. ஒரு மாதம் இப்படி ஓட்டிப் பார்த்துவிட்டுப் பட்டன் போன் வாங்கலாமே?

---

தாழ்வாரம்:

நூலகப்படி சொல்வது சிலருக்குப் பொருந்தும். ஆனால் நீக்கிய ஆப்பைத் திரும்ப ஏற்ற இரண்டு நிமிடம் போதும், ஆப் இல்லாவிட்டாலும் பிரவுசரில் இன்ஸ்டா திறக்கும். ஒவ்வொரு நாளும் பத்து முறை 'வேண்டாம்' என்று முடிவெடுக்க வேண்டியிருக்கும். படிக்கிற பையனுக்கு அந்தச் சக்தி வேறு வேலைக்குத் தேவை. தம்பி முழுதாக மாறத்தான் கேட்டிருக்கிறார், எனவே கணக்குகளை எப்படி ஒழுங்காக மூடுவது என்று மட்டும் சொல்கிறேன்.

வாட்சப்பில் தொடங்குங்கள் தம்பி. பலர் ஆப்பை மட்டும் அழித்துவிட்டுப் போய்விடுவார்கள். அப்போது உங்கள் பெயர் எல்லாக் குரூப்பிலும் அப்படியே இருக்கும். அனுப்புகிறவருக்கு ஒற்றை டிக் மட்டும் தெரியும், நீங்கள் வேண்டுமென்றே பதில் சொல்லவில்லை என்று நினைப்பார்கள். நட்பில் மனத்தாங்கல் வருவது பெரும்பாலும் இதனால்தான். வேண்டிய உரையாடல்களை எடுத்து வைத்துக்கொண்டு, அமைப்புகள், கணக்கு, 'கணக்கை அழி' என்ற வழியில் போய் அழியுங்கள். எல்லாக் குரூப்பிலிருந்தும் பெயர் தானாக நீங்கும். அதற்கு ஒரு வாரம் முன்பே, பேச வேண்டியவர்களுக்குத் தனித்தனியாக இப்படி ஒரு செய்தி போடுங்கள்: "ஜூன் 1 முதல் வாட்சப்பில் இல்லை. எண் இதேதான். மாலை 6 முதல் 7 வரை கூப்பிடு, கட்டாயம் எடுப்பேன்." குரூப்பில் போட்டால் பாதிப் பேர் பார்க்கமாட்டார்கள். நேரத்தைக் குறிப்பிட்டுச் சொல்வது முக்கியம். 'எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு' என்றால் யாரும் கூப்பிடமாட்டார்கள்.

வகுப்பு குரூப்பில் அப்பா அல்லது அம்மாவின் எண்ணைச் சேர்க்கச் சொல்லி வகுப்பாசிரியரிடம் நேரில் கேளுங்கள். சிம்மைப் பட்டன் போனில் போட்டுவிட்டு, வாட்சப்பை மட்டும் வீட்டில் கிடக்கும் பழைய போனில் வைஃபையில் ஓட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். பதிவு செய்த சிம் அந்தப் போனிலேயே இருந்தால்தான் செயலி இயங்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை 2025 நவம்பர் இறுதியில் வாட்சப் போன்ற செயலிகளுக்கெல்லாம் உத்தரவு போட்டிருக்கிறது. தேர்வு மாதத்தில் அறுந்துபோகக்கூடிய கயிறு வேண்டாம்.

இன்ஸ்டாவில் 'தற்காலிக முடக்கம்', 'நிரந்தர நீக்கம்' என்று இரண்டு உண்டு. தற்காலிகமாக முடக்கினால் ஒருமுறை உள்ளே நுழைந்த உடனே கணக்கு உயிர்த்துவிடும். நிரந்தர நீக்கம் போட்டாலும் 30 நாள் அவகாசம் தருவார்கள், அதற்குள் மீண்டும் நுழைந்து நீக்கத்தை ரத்து செய்துவிட முடியும். எனவே மே முதல் வாரத்திலேயே நீக்கக் கோரிக்கை போட்டுவிட்டால் பள்ளி திறக்கும்போது 30 நாள் முடிந்திருக்கும். படங்கள் வேண்டுமென்றால் முதலில் 'உங்கள் தகவலைப் பதிவிறக்கு' என்பதில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கூகுள் கணக்கை மட்டும் அழிக்காதீர்கள். நீட் விண்ணப்பத்துக்கு மின்னஞ்சல் வேண்டும். இதில் ஒரு பொறி இருக்கிறது. வீட்டுக் கணினியில் நுழையும்போது, "உங்கள் போனில் 'ஆம்' என்று அழுத்துங்கள்" என்று கூகுள் கேட்கும். அந்தப் போன் அழிக்கப்பட்டிருந்தால் வெளியே நிற்க வேண்டியதுதான். அதனால் போனை விடுவதற்கு முன், கணினியில் கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் இரண்டு அடுக்குச் சரிபார்ப்பைத் திறந்து, 'மாற்றுக் குறியீடுகள்' என்பதை எடுங்கள். 8 இலக்கக் குறியீடுகள் 10 தரும், ஒவ்வொன்றும் ஒரே முறை செல்லும். அச்செடுத்து ஆதார் நகலோடு வையுங்கள். பிறகு போனை அணைத்துவிட்டு, வேறொரு கணினியில் அந்தக் குறியீட்டைக் கொண்டு உள்ளே போக முடிகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். இரண்டு வருடம் எட்டிப் பார்க்காத கணக்கை கூகுள் நீக்கிவிடலாம், எனவே அவ்வப்போது நுழைய வேண்டும்.

யூடியூப் வகுப்புகளுக்குக் கணினிதான் இடம். கணக்கில் பார்த்த வரலாற்றை அழித்து, அதை நிறுத்தியும் வைத்தால் முகப்புப் பக்கம் காலியாக வரும், பரிந்துரை வீடியோக்கள் வரிசை கட்டாது. எந்தப் பாடம் வேண்டுமோ அதைத் தட்டச்சு செய்து தேடிப் பார்த்துவிட்டு எழுந்துவிடலாம். ஷார்ட்ஸ் கண்ணில் படாமல் இருக்க இதைவிட எளிய வழி இல்லை.

---

சிறுமலை17:

அண்ணா, அக்கா, மிக்க நன்றி. இன்ஸ்டாவில் 30 நாள் விஷயம் தெரியாது, இன்றே போட்டுவிடுகிறேன். மூன்று சந்தேகம். பாடப்புத்தகத்தில் இருக்கும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்ய முடியாதே? பணம் கட்ட என்ன வழி? காலை 5 மணிக்கு எழுப்ப பட்டன் போன் அலாரம் போதுமா, இல்லை கடிகாரம் வாங்க வேண்டுமா? ராத்திரி பாட்டுக்கு ரேடியோ வாங்கலாமா என்றும் யோசிக்கிறேன்.

---

தாழ்வாரம்:

கியூஆர் படத்துக்குக் கீழே 6 எழுத்தில் ஒரு குறியீடு அச்சிட்டிருக்கும், பாருங்கள். கணினியில் தீக்‌ஷா என்ற அரசின் பாடத் தளத்தைத் திறந்து அந்த ஆறு எழுத்தை அடித்தால் அதே பாடம் வரும். ஸ்கேன் தேவையே இல்லை.

பணத்துக்கு, வாரத்துக்கு ஒருமுறை ரொக்கமாக வாங்கிக்கொள்வது நல்லது. பத்து, இருபது ரூபாய்த் தாள்களாகக் கேட்டு வாங்குங்கள். எல்லோரும் ஸ்கேன் செய்வதால் கடைகளில் சில்லறை வைத்திருப்பது குறைந்துவிட்டது, நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் மிட்டாய்தான் மிச்சம். பட்டன் போனுக்கென்றே 'யூபிஐ 123பே' என்று ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் ஒன்றை அறிமுகம் செய்தது. ஒரு எண்ணைக் கூப்பிட்டு, குரல் சொல்கிறபடி பொத்தான்களை அழுத்திப் பணம் அனுப்பலாம். அவசரத்துக்கு நல்லது. டீக்கடையில் நின்றுகொண்டு செய்கிற வேலை அல்ல. தேர்வுக் கட்டணம் போன்றவற்றைக் கணினியில் டெபிட் கார்டு கொண்டு கட்டலாம், ஓடிபி எஸ்எம்எஸ்ஸில் வந்துவிடும்.

---

பழைய ரேடியோ:

கடிகாரம் தனியாக வாங்குங்கள் தம்பி. எழுந்தவுடன் கை முதலில் தொடுவது போனாக இருக்கக்கூடாது, அது பட்டன் போனாக இருந்தாலும் சரி. போனை வேறு அறையில் சார்ஜில் போட்டுவிடுங்கள்.

ஒரு பென்சில் பேட்டரியில் ஓடும் முள் கடிகாரம் போதும். அதில் எல்லோரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. முகப்பு 12 மணி நேரத்துக்கானது, அதற்குக் காலை 5, மாலை 5 என்ற வேறுபாடு தெரியாது. பள்ளி விட்டு வந்து 4 மணிக்கே அலாரத்தைத் தட்டி வைத்தால் 5 மணிக்கு அலறும். ஏதோ கோளாறு என்று அணைத்துவிட்டு மறந்தால் விடியற்காலை அடிக்காது. மாலை 5 மணி கடந்த பிறகு, படுக்கப் போகும்போது போடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். அலாரம் முள் ஐந்து, பத்து நிமிடம் முன்பின் இருக்கும். வாங்கிய அன்றே பகலில் ஒருமுறை சோதித்து, எவ்வளவு தள்ளுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். டிக் டிக் சத்தம் தூக்கத்தைக் கெடுக்குமென்றால், நொடிமுள் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போகும் வகையைக் கேளுங்கள். மலிவான துத்தநாக பேட்டரியைத் தீர்ந்த பின்னும் உள்ளேயே விட்டால் கசிந்து பச்சை படியும், பட்டையே அரித்துவிடும். வருடத்துக்கு ஒருமுறை தீரும் முன்பே மாற்றிவிடுங்கள்.

கைக்கு கேசியோ எஃப்-91டபிள்யூ மாதிரி ஒன்று இருந்தால் 'மணி என்ன' என்று பார்ப்பதற்காகப் போனை எடுக்கும் வேலையே போய்விடும். சிஆர்2016 பேட்டரி ஏழு வருடம் வரை வரும், மாதத்துக்கு 30 நொடிக்குமேல் பிசகாது. அதன் அலாரம் 20 நொடி மெல்லிய பீப் சத்தம்தான், ஆழ்ந்து தூங்குகிறவரை எழுப்பாது. அதனால் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

ரேடியோ என்றால் திண்டுக்கல்லில் உங்களுக்கு யோகம். கொடைக்கானல் பண்பலை 100.5 மலை உச்சியிலிருந்து வருவதால் சின்ன ரேடியோவிலும் நன்றாக எடுக்கும். ஏரியலை முழுதாக இழுத்து, செங்குத்தாக வைத்து, ஜன்னல் ஓரம் வைத்தாலே போதும். எஃப்எம் மட்டும் உள்ள பெட்டியை வாங்காமல், மீடியம் வேவும் சேர்ந்த டிரான்சிஸ்டராக வாங்குங்கள். மதுரை வானொலி 1269, திருச்சி 936 கிலோஹெர்ட்ஸ். மீடியம் வேவுக்கு அந்தக் கம்பி ஏரியல் வேலை செய்யாது. பெட்டிக்குள்ளே கருப்பாக ஒரு ஃபெரைட் தண்டு கிடைமட்டமாகப் படுத்திருக்கும், அதுதான் ஏரியல். தண்டின் முனை நிலையத்தைப் பார்த்தால் ஒலி மங்கும், பக்கவாட்டு பார்த்தால் ஓங்கும். எனவே கம்பியைத் தொடாமல் பெட்டியையே மெதுவாக வட்டமாகத் திருப்புங்கள். ஓரிடத்தில் பளிச்சென்று தெளிவாகும்.

அப்படியும் 'கொர்ர்ர்' என்று இரைச்சல் வந்தால் ரேடியோவில் பழுது என்று நினைத்துவிடாதீர்கள். அறையில் உள்ள மலிவான எல்இடி பல்பும், சுவரில் செருகிக் கிடக்கும் போன் சார்ஜரும்தான் பெரும்பாலும் காரணம். ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள், எதை அணைக்கும்போது சத்தம் நிற்கிறதோ அதுதான் ஆள். ரேடியோவை அதிலிருந்து மூன்று, நான்கு அடி தள்ளி வைத்தாலே பாதி குறையும். கரண்ட் அடாப்டரில் ஓட்டாமல் பேட்டரியில் ஓட்டினால் இன்னும் சுத்தம். பழைய பெட்டியில் ஒலியைக் கூட்டும்போது கரகரவென்றால் உள்ளே தூசி. அணைத்த நிலையில் அந்தத் திருகை இருபது முப்பது தடவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்புங்கள், பெரும்பாலும் சரியாகும்.

---

பிளஸ்டூ அம்மா:

தம்பி, உங்க அம்மா யோசிக்கிறதுக்கு ரெண்டு காரணம் இருக்கும். ராத்திரி டியூஷன் முடிஞ்சு வர்றப்ப நீ எங்க இருக்கேன்னு மேப்புல பாக்க முடியாது. ரெண்டாவது, வகுப்பு குரூப்பைப் பாக்கற வேலை அவங்க தலைல விழும். ரெண்டுக்கும் நீயே வழி சொன்னீன்னா மனசு எறங்கிடும்ப்பா.

முதல் விஷயத்துக்கு, டியூஷன்ல இருந்து கிளம்பும்போது ஒரு மிஸ்டு கால், பஸ்ஸை விட்டு எறங்கினதும் ஒரு மிஸ்டு கால். இவ்வளவுதான். ஆனா ஒரு நாள்கூட விடக்கூடாது. சொன்ன நேரத்துக்கு மேல 20 நிமிஷம் ஆனா அம்மா கூப்பிடுவாங்க, நீ எடுக்கணும். அதனால போன் சைலண்ட்ல இருக்கான்னு பாத்துக்கோ. பட்டன் போன் சார்ஜ் நாலஞ்சு நாள் நிக்குதேன்னு மறந்துடுவீங்க, அதான் தொந்தரவு. கிழமை வெச்சுக்கோ, ஞாயிறும் புதனும் ராத்திரி சார்ஜ்ல போடு. 2017க்குப் பிறகு வந்த பட்டன் போன்ல 5 இல்லன்னா 9 பொத்தானை அழுத்திப் பிடிச்சா அவசர உதவி எண் 112க்குப் போற மாதிரி வெச்சிருக்கணும்னு விதி. உன் போன்ல எது அந்தப் பொத்தான்னு கையேட்டுல பாரு. அந்த ரெண்டுல நண்பர் எண் எதையும் ஸ்பீடு டயலா வைக்காதே. வாங்கினதும் 2ல அம்மா, 3ல அப்பா, 4ல பக்கத்து வீடுன்னு வெச்சிடு.

ரெண்டாவது விஷயம். அம்மாகிட்ட "குரூப்புல என்ன வந்துச்சு"ன்னு நாள் பூரா கேட்டுக்கிட்டே நிக்காதே. அப்புறம் உன் ஸ்மார்ட்போன் அவங்க கைல இருக்கிற மாதிரிதான். ராத்திரி 8 மணிக்கு ஒரே ஒரு தடவை, நீயே அவங்க போனை வாங்கி, குரூப்பைத் திறந்து, வேண்டியதை நோட்டுல எழுதிக்கிட்டு, பத்து நிமிஷத்துல திருப்பிக் குடுத்துடு. வர்ற பிடிஎஃப் எல்லாத்தையும் மெயிலுக்கு அனுப்பி வெச்சா வாரக் கடைசில மொத்தமா பிரிண்ட் எடுத்துக்கலாம். அவசரமா ஏதாவது மாறினா, நாளைக்கு டெஸ்ட் இல்ல, லீவு, அந்த மாதிரி, உன்கூடப் படிக்கிற ரெண்டு பேர்கிட்ட உனக்கு ஒரு போன் போடச் சொல்லி வெச்சுடு. ஒருத்தர் மறந்தா இன்னொருத்தர். மழை லீவை ரேடியோ செய்தியிலயும் சொல்லுவாங்க.

முதல் ரெண்டு வாரம் கை சும்மா சும்மா பாக்கெட்டுக்குப் போகும், சாயங்காலம் 7 மணிக்கு மேல என்ன பண்றதுன்னே தெரியாது. அந்த நேரத்துக்கு மட்டும் ஏதாவது வேலையை முன்னாடியே முடிவு பண்ணி வெச்சுடு. மாவாட்டிக் குடு, சைக்கிளுக்கு எண்ணெய் போடு, நூலகத்துல எடுத்த கதைப் புத்தகம் ஒண்ணு கைக்கெட்டுற தூரத்துல இருக்கட்டும். பாடப்புத்தகத்தை அந்த நேரத்துக்கு வைக்காதே. நாள் பூரா படிச்ச பையனுக்கு அது ஓய்வு ஆகாது.

---

சிறுமலை17:

அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டினேன், மிஸ்டு கால் ஏற்பாட்டுக்கு சரி என்று சொல்லிவிட்டார்கள். கடைசியாக ஒன்று: பழைய போனை விற்கலாமா, வீட்டிலேயே வைக்கலாமா? தொடர்பு எண்களை எப்படி மாற்றுவது?

---

கீபேட் கடை:

தம்பி, கலந்தாய்வு முடியற வரைக்கும் விக்காதீங்க, அப்பாகிட்ட குடுத்து வைங்க. வைக்கறதுன்னா பேட்டரி பாதி அளவு, 50 சதவீதம் இருக்கும்போது முழுசா அணைச்சு, வெயில் படாத இடத்துல வைக்கணும். முழு சார்ஜோட மாசக்கணக்கா வெச்சா பேட்டரி சீக்கிரம் கெடும், சில சமயம் உப்பி பின்மூடியைத் தள்ளும். சுத்தமா தீர்ந்த நிலையில வெச்சா திரும்ப சார்ஜே ஏறாம போகலாம். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை எடுத்து மறுபடி பாதிக்கு ஏத்தி வைங்க. பின்மூடி மேடா இருந்தா சார்ஜ்ல போடாதீங்க.

விக்கறதா இருந்தா, ரீசெட் பண்றதுக்கு முன்னாடி அமைப்புகள்ல போய் கூகுள் கணக்கை நீக்குங்க. நீக்காம பட்டனை அழுத்தி ரீசெட் பண்ணினா, வாங்கினவர் ஆன் பண்ணும்போது உங்க பழைய கணக்கைக் கேட்டுப் பூட்டிக்கும். போட்டோவை யூஎஸ்பி கேபிள்ல கம்ப்யூட்டருக்கு எடுக்கறப்ப, போன் திரையில 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' தேர்ந்தெடுக்கணும், இல்லன்னா ஃபோல்டர் காலியாத் தெரியும். வாட்சப் படங்கள் கேமரா ஃபோல்டர்ல இருக்காது, ஆண்ட்ராய்டு, அதுக்குள்ள மீடியா, அதுக்குள்ள வாட்சப்னு போய் எடுக்கணும். எடுத்ததுல பத்துப் படமாவது திறந்து பார்த்துட்டு அப்புறம் அழிங்க.

எண்கள்: சிம்ல பெரும்பாலும் 250 பேர்தான் கொள்ளும், பேரும் ஆங்கிலத்துல 14 எழுத்துக்கு மேல போனா வெட்டுப்படும். தமிழ்ல அதுல பாதிகூட நிக்காது, சில போன்ல வெறும் கட்டம் கட்டமாத் தெரியும். எல்லாத்தையும் மாத்தணும்னு மல்லுக்கட்டாதீங்க. உண்மையாப் பேசற நாற்பது, ஐம்பது பேரை ஆங்கில எழுத்துல சின்னப் பேராக் கையால ஏத்துங்க, ஒரு மணி நேர வேலை. அதே பட்டியலை ஒரு சின்ன நோட்டுலயும் எழுதிடுங்க.

இன்னும் ஒரே ஒரு சிக்கல் வரும், அதையும் சொல்லிடறேன். பட்டன் போன்ல சில நூறு எஸ்எம்எஸ்தான் தங்கும். கடன் வேணுமா, ரீசார்ஜ் பண்ணுன்னு விளம்பரம் வந்து வந்து இன்பாக்ஸ் நிறைஞ்சிடும். மேல ஒரு சின்ன உறை படம் மின்னும், அதுக்கு அப்புறம் ஓடிபி வராது. எல்லாரும் நெட்வொர்க் கோளாறுன்னு நினைச்சு சிம்மைக் கழட்டிக் கழட்டிப் போடுவாங்க. பழையதை அழிச்சா தேங்கிக் கிடந்தது எல்லாம் கடகடன்னு வரும், ஆனா அதுக்குள்ள அந்த ஓடிபியோட நேரம் முடிஞ்சிருக்கும். முதல் நாளே 1909க்கு 'ஸ்டார்ட் 0'ன்னு ஆங்கில எழுத்துல எஸ்எம்எஸ் அனுப்பிடுங்க, விளம்பரம் பெரும்பாலும் நின்னுடும், ஓடிபி வர்றது நிக்காது. மாசம் ஒண்ணாம் தேதி இன்பாக்ஸைக் காலி பண்ணுங்க.

சிம்மை மாத்தறதை ஒரு வேலை நாள் காலையில வெச்சுக்குங்க. ஏதாவது எடுக்கலைன்னா கடையும் வங்கியும் திறந்திருக்கும். மாத்தின உடனே யாரையாவது கூப்பிடச் சொல்லுங்க, நீங்க ஒரு எஸ்எம்எஸ் அனுப்புங்க, அப்புறம் கம்ப்யூட்டர்ல டிஜிலாக்கரைத் திறந்து ஓடிபி வருதான்னு பாருங்க. மூணும் சரியா வந்த பிறகு பழைய போனை அப்பாகிட்ட குடுங்க.